ஊதா மை

நொவீனாவில் இறங்கி
மின்படியின் இடப்பக்கம் ஒதுங்கி நின்றபடியே
துர்கேஷ்வரி சொன்னாள்:
"அழகுக்குன்னு நினைக்காதே.
ரவிக்கைக்கு."

எந்த ரவிக்கை என்று எனக்குத் தெரியும்.
போன தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு
தேக்கா மேல்மாடியில்
தையற்காரர் நாடாவை அவளைச் சுற்றி இழுத்து
கடைக்கோடியில் குறிப்பெழுதும் பையனுக்குக்
கத்திச் சொன்னார்:
"நாற்பத்திநாலு!"
வரிசையில் பின்னால் பதினோரு பேர்.
"கை பதினாறரை!"
யாரும் சிரிக்கவில்லை.
சிரித்திருந்தால் அவள் திருப்பிக் கொடுத்திருப்பாள்.
ஓர் அம்மாள்தான் பரிவாக,
"பூசினாப்ல இருக்கே, லட்சணம்தாம்மா" என்றார்.

பூசினாப்ல.
பூசியதைச் சுரண்டி எடுக்க என்ன விலை என்று
அன்றிரவே தேட ஆரம்பித்தாள்.

முழுச் சர்க்கரை, பாதிச் சர்க்கரை, கால் சர்க்கரை என்று
ஈசூன் பபுள் டீ கடையில்
இரண்டு வருஷம்
அடுத்தவர் கோப்பையைக் குலுக்கிச் சேர்த்த பணம்
முன்பணத்துக்குச் சரியாக வந்தது.

மருத்துவர் எண்களைக் கத்துவதில்லை.
முணுமுணுக்கிறார்.
அதற்குத்தான் கட்டணம் போலிருக்கிறது.
ஊதாப் பேனாவை எடுத்து
இங்கே கொஞ்சம், இங்கே கொஞ்சம் என்று
அவள் வயிற்றில்
வட்டத்துக்குள் வட்டமாக வரைந்தார்,
வானிலைப் படத்தில் புயல் கரை நெருங்குவதுபோல.
எடை பெரிதாகக் குறையாது என்றார்,
வடிவம்தான்.
சில மாதம் அந்த இடம் மரத்திருக்கலாம் என்றார்.
"மரத்தா நல்லதுதானே, டாக்டர்."
அவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடினார்.
ஏழு நாள் யோசியுங்கள், அழைக்கிறோம்.

கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு
நான் வேறொன்றை யோசித்தேன்.
உயர்நிலை இரண்டில் தமிழாசிரியை
"உனக்குக் கொழுப்பு கூடிப்போச்சு" என்றதும்
வகுப்பே திரும்பி அவள் இடுப்பைப் பார்த்தது.
"ஆமா டீச்சர், அளக்கிறீங்களா?"
அரைமணி நேரம் வெளியே நின்றாள்,
கண்ணாடிக் கதவில் எங்களுக்கு மூக்கை நசுக்கிக் காட்டிக்கொண்டு.
அந்தக் கொழுப்பு உடம்பில் எந்தப் பக்கம் இருக்கிறது?
குழாய் அதை மட்டும்
அடையாளம் கண்டு விட்டுவைக்குமா?
மருத்துவரிடம் கேட்டிருக்கலாம்.
ஆங்கிலத்தில் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

முதல் நாள் இரவு செய்தி வந்தது:
சோப்பு போட்டும் போகல.
இரண்டாம் நாள்: எண்ணெய் போட்டும் போகல.
மூன்றாம் நாள் அவள் அம்மா
வெள்ளைச் சட்டையின் உட்புறம் ஊதாவாய்ப் பதிந்திருந்ததைப் பார்த்து,
"பேனாவைப் பைல வைக்காதேன்னு எத்தனை தடவை" என்று திட்டி
ஊறவைத்தாராம்.
ஐந்தாம் நாள் ஒன்றும் வரவில்லை.
ஆறாம் நாள் நேரில் பார்த்தபோது
சட்டையை விரல்கடை அளவு தூக்கிக் காட்டினாள்.
மங்கிய கோடுகளின்மேல்
நீலப் பந்துமுனைப் பேனாவால்
அவளே மறுபடி வரைந்திருந்தாள்.
"மறந்துடக்கூடாதுல்ல" என்றாள்.
கைநடுக்கத்தில் ஒரு வட்டம்
மூடாமலே நின்றிருந்தது.

இன்று ஏழாம் நாள்.
புளோக்குக்குக் கீழே புரோட்டா கடை,
இரண்டு முட்டை, ஒன்று வெறும்.
தொலைபேசி மேசையில் அதிர்ந்து அதிர்ந்து
சாம்பார்க் கிண்ணத்தை நோக்கி நகர்கிறது.
கிளினிக்தான்.
எடு என்று நான் சொல்லவில்லை.
எடுக்காதே என்றும் சொல்லவில்லை.
சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை:
அன்று அவள் திரைக்குப் பின்னால் உடை மாற்றிய நேரத்தில்
முகப்பில் இருந்த பெண்ணிடம் குரலைத் தாழ்த்தி,
தாடைக்குக் கீழே, இதுமட்டும், எவ்வளவு என்று கேட்டேன்.
நிமிராமலே ஓர் அட்டையை நகர்த்தினாள்.
அது இப்போது என் பயண அட்டைக்குப் பின்னால் இருக்கிறது;
வாயிலில் தட்டும்போதெல்லாம்
அதையும் சேர்த்துத்தான் தட்டுகிறேன்.

அதிர்வு நின்றது.
திரும்பத் தொடங்கியது.
அவள் புரோட்டாவைக் கிழித்து,
சாம்பாரில் நன்றாக அமுக்கி,
என்னைப் பார்க்காமலே கேட்டாள்:
"உன் தாடைக்கு எவ்ளோ சொன்னாங்க?"