நாற்பத்திரண்டாயிரம் துக்ரிக்

மைனஸ் இருபத்தெட்டு.
நரன்தூல் சந்தையில் மூச்சு விட்டால்
மூக்கடியில் பனி கட்டுகிறது.
பதினோரு நாளில் பென்டியு. அங்கே நாற்பது டிகிரியாம்.
ஒரே உடம்புக்கு இரண்டு பருவத்தையும்
இந்தச் சந்தையில்தான் வாங்கியாக வேண்டும்.
முதலில் ஒரு கத்தி.

"பட்டாளத்தில் தரமாட்டார்களா?" என்கிறாள் யன்ஜ்மா,
கண்டெய்னர் கடைக்காரி, தெர்மாஸை மடியில் அணைத்தபடி.
தருகிறார்கள். துப்பாக்கி முனையில் மாட்டுவது.
அதை வைத்து ஒரு பிஸ்கட் பொட்டலம்
பிரித்துப் பாருங்கள், தெரியும்.

கூட வந்த கன்தோமோருக்குப்
பெயரிலேயே எஃகும் இரும்பும்.
அவன் கண் அதற்குள் சுவரில்:
கறுப்பு, ஒரு சாண் நீளம், முதுகில் ரம்பப் பல்,
பிடிக்குள் திசைகாட்டி.
மூன்று லட்சத்து எண்பதாயிரம்.
என் தங்கை வீட்டு அடுப்புக்குக்
குளிர் முடியும்வரை கரி.

போன வருஷம் போய்வந்த கந்தர்மா
இரண்டே வரி அனுப்பியிருந்தாள்:
கத்தி தொலையும்.
தொலைந்தால் அழாத விலைக்கு வாங்கு.

நான் ஜெனரேட்டர் பார்ப்பவள்.
என் பகைவர்கள் யாரென்று எனக்குத் தெரியும்:
அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் பட்டை,
ஒயரின் ரப்பர் தோல், டீசல் குழாயின் நுனி,
அவசரத்தில் யாரோ போட்ட முடிச்சு.
இவர்களில் எவரும் ஒரு சாண் கேட்டதில்லை.

பையிலிருந்து எடுத்தேன்
தார்ப்பாயில் ஒரு துண்டு, முழ நீளக் கயிறு.
"கையுறையோடுதான் பிடித்துப் பார்ப்பேன்."
யன்ஜ்மா வானத்தைப் பார்த்தாள்.

முதல் கத்தி மடங்கியது, விரல்மேலேயே.
பூட்டு நிற்காத மடக்குக்கத்தி
வளர்த்தவளைக் கடிக்கும் நாய்.
இரண்டாவது நல்ல கூர். ஆனால் துருப்பிடிக்கும் ரகம்.
மே மாதம் பிடிக்கிற மழை
அக்டோபர்வரை விடாதாம் அங்கே;
துருவுக்குத் தீனி போடவா இத்தனை பேரம்?
மூன்றாவதை எடுத்ததும் வைத்துவிட்டேன்.
கனம் முன்னால் இழுத்தது. வேறு காரணம் சொல்லத் தெரியாது.

நான்காவது அசிங்கமாக இருந்தது.
ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் பிடி,
விரல் நீள அலகு, மடக்கு இல்லை,
அலகு போய்ச் செருகிக்கொள்ள ஒரு மட்டமான உறை.
"மீன் வெட்டுகிறவர்களுக்கென்று வந்தது" என்றாள்,
"இரண்டு வருஷமாய்க் கிடக்கிறது."
கயிறு ஒரே இழுப்பில் போனது.
தார்ப்பாய் சத்தமே போடவில்லை.
சேற்றில் விழுந்தாலும்
அந்த நிறம் என்னைக் கூப்பிடும்.

அறுபது என்றாள். முப்பது என்றேன்.
கன்தோமோர் கால் மாற்றி மாற்றி நின்றான்.
நாற்பத்திரண்டில் படிந்தது.
பிடியை என் பக்கம் திருப்பிக் கொடுத்தாள்,
எங்களில் எவரும் கொடுக்கிற மாதிரி.

"பொம்மை" என்று சிரித்தான் அவன்.
அவனுடையதன் முனை
மூன்றாம் வாரமே ஒரு பீன்ஸ் டின்னில் ஒடிந்தது.
திசைகாட்டியோ கடைசிவரை
என் ஜெனரேட்டரையே காட்டிக்கொண்டிருந்தது.

ஜூலை. கணுக்கால்வரை சேறு.
வேலிக்கு அப்பால் நியாகுவோத் என்று ஒருத்தி,
அன்றைக்குக் கிடைத்த பிளாஸ்டிக் விரிப்போடு.
நான்கு விரலைக் காட்டினாள்.
கத்தியை வெளியாள் கையில் கொடுக்க விதியில்லை.
விரிப்பைக் கம்பிமேலாக எறியச் சொன்னேன்.
மடித்து, முழங்காலில் அழுத்தி
வெட்டத் தொடங்கினேன், என்னை நோக்கி.
இறைச்சி அறுக்கையில் எங்கள் மரியாதை அது,
அலகு அடுத்தவர் பக்கம் போகக் கூடாது.

"ஏய்" என்றாள்.
கம்பிக்குள் கையை விட்டு
என் மணிக்கட்டைப் பிடித்து
மெல்லத் திருப்பினாள், தன் பக்கமாக.

அப்படியே வெட்டினேன்.
நான்காவது துண்டு கோணலாகப் போயிற்று.
பரவாயில்லை என்று
தோளைக் குலுக்கிவிட்டு வாங்கிக்கொண்டாள்.