மின்கட்டண ரசீதின் பின்பக்கம்

பட்டியலை முதலில் எழுதியது நான்தான்.
மின்கட்டண ரசீதின் பின்பக்கம்
கிராஃபிக்ஸ் கார்டு என்று
தாளின் அகலத்துக்கு.
மற்றதெல்லாம் அதன் காலடியில்,
பொடி எழுத்தில்.

துகுல்தூர் பேனாவைப் பிடுங்கி
கடைசியில் கிடந்த பவர் சப்ளையை
அம்புக்குறி போட்டு உச்சிக்கு இழுத்தான்.
குதிரை வாங்கிவிட்டு
லாடத்துக்குப் பேரம் பேசாதே என்றான்.
வெடித்தது மறந்துபோயிற்றா?

மறக்கவில்லை.
ஜனவரி. வெளியே மைனஸ் முப்பத்து மூன்று.
இன்னும் கட்டாத ஒரு மருத்துவமனையின் முன்கூடத்தில்
வெயில் வரைந்துகொண்டிருந்தேன்.
டப்.
வெயிலும் போயிற்று, கூடமும் போயிற்று,
மூன்று வாரக் கூலியும்.
பிரித்துப் பார்த்தால்
விசிறியின் இறக்கைகளில் விரல் கனத்துக்குக் கரி.
உலான்பாத்தர் குளிர்காலம் முழுக்க
மூக்கால் உண்ணுகிற அதே கரி.

இருபத்து நான்கு லட்சம் துக்ரிக்.
எட்டுப் பேருக்குப் பிரிக்க வேண்டும்,
எட்டுப் பேருமே தான்தான் தலைச்சன் என்கிறார்கள்.

மூன்றாவது மாடியில் எர்ஹெம்மின் கடை.
பெரிய ப்ராசஸரும் துளி ராமும் என்றால்
வாய் அகலம், தொண்டை ஊசி, அக்கா, என்றான்.
ராம் இரட்டிப்பானது.
ஹார்ட் டிஸ்க் வேண்டாம், எஸ்.எஸ்.டி. போதும்,
பழைய வரைபடங்கள் பழைய டிஸ்கிலேயே தூங்கட்டும்.
மதர்போர்டில் துகுல்தூர் ஒரு படி இறங்கினான்,
நானும் ஒரு படி இறங்கினேன்,
இரண்டும் ஒரே படி என்று பிறகுதான் தெரிந்தது.
ஏழு நிறத்தில் எரியும் விசிறி இருக்கிறது என்றான் எர்ஹெம்.
நிறம் வேண்டாம்,
தூசி வடிகட்டி இருக்கிறதா என்று கேட்டேன்.

கேட்ட வாய் மூடவில்லை.
மெஷினுக்கு வடிகட்டி கேட்கிறேன்.
வீட்டில் நாலு வயது நுரையீரல் ஒன்று
அக்டோபரிலிருந்து இருமிக்கொண்டு
எந்த வலையும் இல்லாமல் ஓடுகிறது.

எதிர்க்கடைக் கண்ணாடிக்குப் பின்னால்
காற்று சுத்தம் செய்யும் பெட்டிகள் வரிசையாக.
நடுத்தரமான ஒன்றின் விலையும்
என் கிராஃபிக்ஸ் கார்டின் விலையும்
ஒன்பதாயிரம் துக்ரிக் வித்தியாசத்தில்
முகத்துக்கு முகம் பார்த்து நின்றன.
துகுல்தூர் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

நான் உடனே மனம் மாறிவிட்டேன் என்று
யாரும் நினைக்க வேண்டாம்.
இரண்டு தடவை கழிவறைக்குப் போய்வந்தேன்.
ஒரு தடவை அழுதேன்,
அது கார்டுக்காகத்தான்.

சமையல் மேசையில் பூட்டினோம்.
ஸ்டாண்டர்டு திருகு ஒன்று
மாவு டப்பாவுக்குள் விழுந்து அரைமணி நேரம்.
ப்ராசஸர் தன் குழியில் உட்கார்ந்தபோது
மூச்சு விட்டது நானா அவனா தெரியாது.
நீளமான அந்த ஸ்லாட் மட்டும்
பல் விழுந்த ஈறு போலக் காலியாக.

இப்போது ஒரே ஒரு ஜன்னலில் வெயில் விழ
நாற்பது நிமிடம் ஆகிறது.
உப்புத் தேநீர் இரண்டு கிண்ணம் குடிக்கிறேன்.
கட்டடக்காரர்களிடம் பொய் சொல்லக் கற்றுக்கொண்டேன்:
நாளைக் காலை கண்டிப்பாக.

இரவில் அறையின் இரண்டு மூலையிலும்
இரண்டு விசிறிகள்.
எது எதன் சத்தம் என்று
படுத்துக்கொண்டே பிரித்துப் பார்ப்பேன்.
நடுவில் இருமல் வரும்.
வராமலும் இருக்கும்.
வராத இரவுகளை நான் எண்ணுவதில்லை,
துகுல்தூர் எண்ணுகிறான்.

மிஷீல் தன் ஆட்டுக் கணுக்கால் எலும்பைக்
கேபினெட்டின் தலையில் வைத்திருக்கிறாள்,
குதிரைப் பக்கம் மேலே இருக்கும்படி.
குதிரை என்றால் அதிர்ஷ்டம்.
விசிறியின் நடுக்கத்தில் அது
இரவெல்லாம் நகர்ந்து நகர்ந்து
விடியும்போது தரையில் கிடக்கிறது.

இன்று ஒட்டகம் விழுந்திருக்கிறது.
ஒட்டகத்துக்கு என்ன பலன் என்பதில்
எங்களுக்குள் இன்னும்
ஒத்துப்போகவில்லை.