கடல் பார்த்த அறை

கடல் பார்த்த அறைக்கு
இரவுக்கு நாற்பத்திரண்டு டாலர் கூடுதல்.
தோட்டம் பார்த்த அறை மலிவு.
எதையும் பார்க்காத அறை ஒன்றும் இருக்கிறது,
அது இன்னும் மலிவு.
படத்தில் அதன் சுவரில்
கடலை வரைந்து மாட்டியிருக்கிறார்கள்.

வெளியே மைனஸ் முப்பத்துநாலு.
எர்தெனெத்தில் ஜனவரி.
சமையலறை ஜன்னலின் உள்பக்கமே பனி பூத்து
தெருவிளக்கு வெறும் மஞ்சள் கறையாக நிற்கிறது.
மேசையில் மடிக்கணினி, உப்புப் போட்ட பால் தேநீர்,
மகளின் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
மூன்று கையெழுத்தில் மூன்று விடுமுறைகள்.

கொம்போசுரேனுக்கு ஊர் பார்க்க வேண்டும்.
தாமிரச் சுரங்கத்தில் பதினெட்டு வருஷமாக
ஒரே பள்ளத்தில் இறங்கி ஏறும் லாரி அவருடையது.
நா திராங்கின் செங்கல் கோபுரங்கள், மணி எட்டு.
மீன் காட்சிசாலை, பதினொன்று.
தீவுப் படகு, ஒன்று.
சாப்பாட்டுக்கு நேரம் ஒதுக்க மறந்துவிட்டார்.

இங்கூனுக்கு வாங்க வேண்டும்.
இரவுச் சந்தை என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு.
முத்துக் கம்மல், தோழிகளுக்குக் காந்தப் பொம்மை பன்னிரண்டு,
இன்னும் பெயர் வைக்காத ஏதோ ஒன்று.
போகும்போது பெட்டியில் எதையும் அடைக்காதீர்கள் என்கிறாள்,
இருபது கிலோவும் திரும்பி வர வேண்டுமாம்.

எங்கள் துக்ரிக்கை வியட்நாம் டாங்காக மாற்றினால்
கிட்டத்தட்ட ஏழு மடங்கு.
ஒரு கணம் மூவரும் பணக்காரர்களாக உட்கார்ந்திருந்தோம்.
அப்புறம் அவள் இளநீர் விலையைத் தேடினாள்.

உனக்கு என்ன வேண்டும் என்று கடைசியில் கேட்டார்கள்.
சும்மா இருக்க வேண்டும் என்றேன்.
மணலில்.
யார் வாய்க்குள்ளும் எட்டிப் பார்க்காமல்.
பல் மருத்துவமனையில் வேலை செய்பவள்
வேறென்ன வரம் கேட்பாள்?
சும்மா இருப்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று
அவர் பேனாவைக் கடித்தபடி யோசித்தார்.
புதன், நாலரை முதல் ஆறு வரை
என்று எழுதினார்.

நீச்சலுடை வந்துவிட்டது, நீல நிறம்.
வெந்நீர்க் குழாய் பழுதான வாரம்,
எதையும் கழற்ற மனமில்லை.
கம்பளி உள்ளாடைக்கு மேலேயே அதைப் போட்டுக்கொண்டு
கண்ணாடி முன் நின்றேன்.
சர்க்கஸிலிருந்து ஓய்வு பெற்றவள் மாதிரி இருந்தது.
சிரிக்க வீட்டில் ஆளில்லை, நானே சிரித்துக்கொண்டேன்.
அப்படியே அரைமணி நேரம் துணி மடித்தேன்.

எங்களில் ஒருவரும் கடல் பார்த்ததில்லை.
எந்தப் பக்கம் போனாலும் தரையில் முடியும் நாடு.
வடக்கே ஓர் ஏரி இருக்கிறது,
அதையே கடல்தாய் என்று கூப்பிட்டுப் பழகிவிட்டோம்.

மணி பத்தரை.
ஆறு இரவுக்குப் பெருக்கினால்
இருநூற்று ஐம்பத்திரண்டு டாலர்,
ஜன்னல் வழியாகப் பார்ப்பதற்கு மட்டும்.
'அறை எதற்குக் கடல் பார்க்க வேண்டும்?
நாம் நடந்து போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்றார்.
எவ்வளவு தூரம்?
நூற்றைம்பது மீட்டர் என்று போட்டிருக்கிறது.
அது எவ்வளவு?

எழுந்தார். கோட்டு, பூட்ஸ், காது மூடும் தொப்பி.
கதவு சாத்தும் சத்தம், படிகளில் காலடி,
அப்புறம் ஒன்றுமில்லை.
தேநீர் மேல் ஆடை கட்டியது.
நான் தோட்டத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
இரண்டு வாழைமரம், ஒரு குப்பைத்தொட்டி.

திரும்பியபோது இமைமுடியெல்லாம் வெள்ளை.
'நம் வாசலிலிருந்து கொதிகலன் கூடத்துச் சுவர் வரை.
எட்டு வைத்து எண்ணினேன்' என்றார்.
மூச்சு வாங்கியது.
'ரெண்டு நிமிஷம்.
கடல் ரெண்டு நிமிஷம்தான்.'

என் விரல் பொத்தான் மேல் நின்றது.
இங்கூன் நோட்டிலிருந்து தலை தூக்காமல் சொன்னாள்:
'அது பூட்ஸில், அப்பா.
செருப்பில் எவ்வளவு ஆகும்?'

அவர் தொப்பியைக் கழற்றவில்லை.
செருப்பு அடுக்கைப் பார்த்தார்,
கதவைப் பார்த்தார்.