பன்னிரண்டுக்கு இருபது

கோயம்புத்தூரிலிருந்து லாரியில் வருமாம்.
சுவர் பதினாறு துண்டு, கூரை ஆறு,
இரும்புக் கால் எட்டு,
போல்ட் நானூற்றுப் பன்னிரண்டு, தனிப் பையில்.
ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தால்
ஒன்பது நாளில் குடியேறலாம் என்கிறது தாள்.

ஸ்பேனர் எனக்குத் தெரியும்.
பணகுடிக் காட்டில் பதினோரு வருஷம்
காற்றாடிக்கு இறக்கை மாட்டினவன்.
எண்பது மீட்டர் உயரத்தில்
இடுப்புக் கயிற்றில் தொங்கியபடி
டீ குடித்திருக்கிறேன்.
ஆனாலும் பாருங்கள்,
பன்னிரண்டடிக்கு இருபதடியை
மகனின் கணக்கு நோட்டில் வரைந்து வைத்துக்கொண்டு
மூன்று ராத்திரியாக முழிக்கிறேன்.
கட்டில் போட்டால் கதவு இடிக்கிறது.
கதவைத் தள்ளினால்
கக்கூஸ் வாசல் அடுப்பைப் பார்க்கிறது.
விளம்பரப் படத்தில் ஒருத்தி
சிரித்துக்கொண்டே காபி குடிக்கிறாள்.
அவள் துணி காயப்போடுவது எங்கே?

அப்புறம் காற்று.
ஆனியில் கிளம்பினால் ஆவணி வரை
முருங்கையை முறித்துக்கொண்டே இருக்கும்.
போன வருஷம் கொம்பையா கடைப் பலகையை
ரெண்டு விளை தாண்டிப் போட்டது.
லேசான வீடு; மண்ணோடு கட்டிப் போடாவிட்டால்
நாங்குநேரியில் போய்த்தான் தேடவேண்டும்.
குழி மூன்றடி என்கிறது தாள்.
ரெண்டடியில் சுக்காம்பாறை வரும்.
வரட்டும், நாலரை தோண்டுவேன்.

மேற்கே ஜன்னல் கிடையாது என்றேன்.
"மலை தெரியாதே" என்றாள் சொர்ணம்.
பேசிப் பேசி
கைக்குட்டை அகலத்துக்கு, திறக்காத கண்ணாடி ஒன்று.

"சின்ன வீடு கட்டுதியாம்லா?"
டீக்கடையில் ஒரே சிரிப்பு.
விருந்தாளுக்கு என்றேன்.
"வருஷம் பூரா சும்மால்லா கெடக்கும்?
இன்ஜினியர்மாருக்கு வாடகைக்கு விடும்வே."

விருந்தாள் என்றால் என் தங்கச்சி ஆவுடைத்தங்கம்.
மஸ்கட்டில் ஒரு வீட்டில் வேலை.
ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை இருபத்தொரு நாள்.
பிரிட்ஜுக்கும் பீரோவுக்கும் நடுவில் பாய்.
பால்காரர் பெல் அடிக்குமுன்
பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்துவாள்,
பக்கத்தில் தானும் நிற்பாள்.
இந்த வீட்டின் மாடிப்படி வரை
அவள் அனுப்பிய பணம்.
அவள் அதைச் சொன்னதில்லை.
நாங்களும் சொன்னதில்லை; அது வேறு.

நோட்டைப் போட்டோ பிடித்து அனுப்பினேன்.
என்ன கலர், என்ன டைல்ஸ்,
மேஜை வேண்டுமா என்றெல்லாம் கேட்டேன்.
ரெண்டு நாள் பதிலில்லை.
வெள்ளிக்கிழமை ராத்திரி குரல் வந்தது,
பின்னால் மிக்சி, யாருடைய பிள்ளையோ அழுகை:
"எதுனாலும் சரிண்ணே,
கலரெல்லாம் மைனி பாத்துக்கிடட்டும்.
கதவுக்கு உள்ள தாழ்ப்பா உண்டா?
நான் உள்ள போட்டா
வெளிய இருந்து தொறக்க முடியாத மாதிரி?"

பதினாலு செகண்ட்.
சொர்ணம் திரும்பப் போட்டுக் கேட்டாள்.
பிறகு எழுந்துபோய்
துவைத்த துணியை மறுபடி மடித்தாள்.

பாகப் பட்டியலைப் புரட்டினேன்.
தாழ்ப்பாள் ஒன்று, அலுமினியம், நாலு அங்குலம்.
நாலு அங்குலம்!
மறுநாள் திருநெல்வேலிக்கு பஸ் ஏறினேன்.
பித்தளையில், ஒரு அடி நீளத்தில்,
மேலுக்கொன்று கீழுக்கொன்று.
"கோட்டையா கட்டுதீக?" என்றார் கடைக்காரர்.
இருநூற்று நாற்பது சதுரடி என்றேன்.

வீடு இன்னும் லாரி ஏறவில்லை.
ஐப்பசியில் காற்று அடங்கட்டும் என்றிருக்கிறேன்.
நேற்று சாயங்காலம்
கிணற்றுக்குக் கிழக்கே
கோலப்பொடியில் அளவு போட்டோம்.
காற்று ரெண்டு தடவை அழித்தது.
மூன்றாவது தடவை, நடுவில் நின்று
கட்டில் எங்கே என்று நான் யோசிக்கையில்
டீயோடு சுவரைத் தாண்டி வந்தாள் சொர்ணம்.
"வாசல் வழியா வா" என்றேன்.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
திரும்பிப் போனாள்,
கோடு போடாமல் விட்ட இடத்தில் நின்றாள்,
கதவு இருக்கப்போகும் உயரத்தில்
வெறுங்காற்றைத் தட்டிவிட்டு
காத்திருந்தாள்.