பத்துக்கு எத்தனை

லேமிங்டன் ரோடு ஹோமியார் சேட்
மூன்று டர்ன்டேபிள்களை டாக்சியில் ஏற்றி அனுப்பிவிட்டார்.
ஞாயிறு மாலைக்குள் திரும்ப வேண்டும். கூடவே ஒரு தாள்:
ஒலிக்குப் பத்து, கையாளும் சுலபத்துக்குப் பத்து.
உன் காது பொய் சொல்லாது பூங்கோதை, என்றார் போனில்.
என் காதைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்.
சயானில் தண்டவாளத்திலிருந்து நாற்பதடி தள்ளி
பதினொரு வருஷமாகக் குடியிருக்கிற காது.

சோதனைக்குச் சோர் பஜாரில் வாங்கிய வயலின் தட்டு.
லேபிள் உரிந்து போனது. வாசித்தது யாரோ.
அதுவும் நல்லதுதான்,
பெயர் தெரிந்தால் காது மரியாதை பார்க்கும்.

முதலாவது எல்லாம் தானே செய்யும்.
பொத்தானைத் தொட்டால் கை எழும்,
ஓரம் பார்த்து இறங்கும், முடிந்ததும்
ஐந்தரை மணி குமாஸ்தாவாக இடத்துக்குத் திரும்பிவிடும்.
சுலபம் ஒன்பது.
வயலினை மட்டும் ஒப்பிக்கிறது,
மனப்பாடச் செய்யுள்போல், மூச்சு விடாமல்.
ஒலி ஐந்து.

இரண்டாவதைத் தூக்கி வைத்ததில்
சேந்தனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.
கல்யாண் ஃபாஸ்ட் கடந்தபோது
அலமாரியில் தம்ளர்கள் பேசின, ஜன்னல் பேசியது,
ஊசி வாயைத் திறக்கவில்லை.
ஒலி ஏழு என்றேன். ஏழரை போடு என்றான்.
எதைக் கேட்டு அந்த அரை?
என் இடுப்பைக் கேட்டு.

மூன்றாவது, ஸ்பிரிங் மேல் மிதக்கிற மரப்பெட்டி.
வேகம் மாற்றத் தட்டுமேடையைக் கழற்றி
ரப்பர் பெல்ட்டை நகத்தால் நெம்பி
அடுத்த பள்ளத்தில் மாட்ட வேண்டும்.
ஊசிக்கை வலப்பக்கம். மூன்றிலுமே வலப்பக்கம்.
நான் இடக்கைக்காரி.
குறுக்கே கையை நீட்டினால்
என் முழங்கையே என் கண்ணை மறைக்கிறது.
சுலபம் என்று தாளில் அச்சடித்தவரை
ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும்.

அம்பர்நாத் லோக்கல் வந்தது.
ஊசி துள்ளி நான்கு சுற்று தாண்டி
வேறொரு ராகத்தின் நடுவில் விழுந்தது.
சேந்தன் ஒரு ரூபாய் நாணயத்தை
அதன் தலையில் வைக்கப் போனான்.
இரண்டு கிராம் தாங்குகிற தலை!
இன்னும் காசு கொடுக்காத சாமான், என்று
கையில் ஒன்று போட்டேன்.
சுலபம் இரண்டு. ஒலிக்கு எதிரே ஒரு கோடு.

இரவு ஒன்றரை. தூக்கம் பிடிக்கவில்லை.
கடைசி லோக்கல் போயாயிற்று.
விசிறியை நிறுத்தினேன், விளக்குப் போடவில்லை.
இருட்டில் முழங்கை எதையும் மறைப்பதில்லை.
மூன்றாவதின் ஊசியை இறக்கினேன்.

கொஞ்சம் பொரிந்தது. பிறகு
வில் தந்தியைத் தொடுமுன்
வாசித்தவர் மூக்கால் இழுத்த மூச்சு.
நாற்காலி ஒருமுறை முனகியது.
பகலில் ஐந்தும் ஏழும் வாங்கியவை
இந்த ஆளை அறைக்குள் விடவே இல்லை.
பிறகு வயலின். அதைச் சொல்லத் தெரியவில்லை.
அதற்கும் அடியில், வெகு தூரத்தில்
தடதடவென்று
ஒரு ரயில்.

எந்த வண்டி இந்நேரத்தில், என்று
புரண்டு படுத்தபடி கேட்டான் சேந்தன்.
ஜன்னலில் போய்ப் பார்த்தேன்.
தண்டவாளம் காலி. சிக்னல் சிவப்பு.
ரயில் தட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

தாளில் கோட்டை அடித்துவிட்டு எழுதினேன்:
இரவு ஒன்றரையிலிருந்து நாலு வரை, பத்து.
ஹோமியார் சேட் படித்துவிட்டுப் போன் செய்தார்,
இதை எப்படியம்மா கஸ்டமரிடம் காட்டுவது?
உங்கள் கஸ்டமர் வீட்டில் ரயில் உண்டா என்று கேளுங்கள், என்றேன்.

நாங்கள் எடுத்தது இரண்டாவதை. ஆறு தவணை.
மூச்சு அதிலும் கேட்கிறது என்று
சேந்தன் சத்தியம் செய்கிறான்.
கேட்கும் கேட்கும், என்கிறேன்,
கல்யாண் ஃபாஸ்ட் கடந்து போகட்டும்.