மறுபடி வைங்க

ரேஷன் கடை முத்துக்கருப்பன்
மூன்றாவது தடவையாகச் சொல்கிறார்:
மறுபடி வைங்க.
வைக்கிறேன்.
கண்ணாடிக்குள் சிவப்பு வெளிச்சம்,
அதன்மேல் என் நீலக் கட்டைவிரல்.
துடைச்சிட்டு வைங்க என்கிறார்.
துடைத்தால் போகிற நீலமா இது.
பின்னால் நிற்கிற வள்ளிக்கண்ணு
தன் முந்தானையை நீட்டுகிறாள், துடைக்க.
வெளுத்த மஞ்சள். வேண்டாம் என்கிறேன்.

பட்டறையில் நாலு தாழி,
கழுத்துவரை மண்ணில் புதைத்தவை.
அவுரிக் கட்டி, சுண்ணாம்புத் தெளிவு,
வேகவைத்த தகரை விதை,
நாக்கில் வைக்கிற அளவு கருப்பட்டி.
கார்த்திகை மழையில் இரண்டாம் தாழிக்குச் சளி பிடித்து
ஒன்பது நாள் பேச்சில்லை.
சாக்கைப் போர்த்தினேன். திட்டினேன்.
பத்தாம் நாள் நுரைமேல் செம்பு மினுங்கியது,
மோந்து பார்த்தேன்,
பிழைத்துவிட்டது.

உள்ளே போகும்போது துணி வெள்ளை.
வெளியே வரும்போது வாழைக்குருத்து.
இழுத்த மூச்சை விடுவதற்குள்
ஓரத்திலிருந்து நீலம் ஏறும்.
காற்றுதான் சாயம் போடுகிறது,
நான் தூக்கிப் பிடிக்கிறேன், அவ்வளவே.
அந்த நேரம் யார் கூப்பிட்டாலும் திரும்பமாட்டேன்.
போன் அடித்தாலும்.
பால் பொங்கினாலும்.

கானாடுகாத்தானில்
இந்தத் தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிற வீடொன்றின்
பின்கட்டில் உலர்த்துகிறேன்.
ஆட்கள் பினாங்கில். சாவி சேவுகனிடம்.
மாதம் ஒரு துண்டு, அதுதான் வாடகை.
அங்கே ஒரு சுவர்,
அதில் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம்.
சுண்ணாம்பு, கடுக்காய், கருப்பட்டி, முட்டை வெள்ளை
என்றான் சேவுகன், தானே பூசியதுபோல.
முட்டையைத் தவிர மிச்சமெல்லாம்
எங்கள் பட்டறையிலும் இருக்கிறது என்றேன்.
அப்போதுதான் விரலைப் பார்த்தேன்.
சுவரை இழைத்த அதே சரக்கு
இருபது வருஷமாய் என்னையும் இழைத்திருக்கிறது.
ஒரு கோடு மிச்சமில்லை.
தடவினால் வழவழவென்று,
நானும் கொஞ்சம் பெரிய வீடுதான்.

போன வாரம் சென்னையிலிருந்து
பதினெட்டுச் சேலையில் ஒன்று திரும்பி வந்தது.
முந்தானை ஓரம் கறை, என்று சீட்டு.
விரித்தேன். கறை எங்கே?
தாழியிலிருந்து தூக்கும்போது நான் பிடித்த இடம்.
நீலம் ஏறாமல் வெளிறிப்போய்
முழுசாய் ஒரு கட்டைவிரல்,
அரிவாள் பட்ட பழைய வடு மட்டும்
நூல்போல நீலமாய்.
டேமேஜ். எண்ணூறு கழிவு.

ஓரிடத்தில் விரல் பதிந்ததற்குக் காசைப் பிடிக்கிறார்கள்.
ஓரிடத்தில் பதியாததற்கு அரிசியை.

முத்துக்கருப்பனைக் குறை சொல்லக்கூடாது.
ஆள்காட்டி, நடுவிரல், இடக்கை என்று
எல்லாவற்றையும் கேட்டுப் பார்த்தார்.
எந்திரத்தைத் தன் சட்டையில் தேய்த்தார்.
கடைசியில், செல்லுக்கு ஒரு நம்பர் வரும் என்றார்.
செல் நம்பர் மகனுடையது.
மகன் திருப்பூரில்,
பத்தே நிமிஷத்தில் துணி நீலமாகிற ஆலையில்
பகல் ஷிப்டு.
அடித்தேன். எடுக்கவில்லை.
ஓரமா நில்லுங்க என்றார்.

வரிசை என்னைத் தாண்டிப் போனது.
வள்ளிக்கண்ணு விரல் வைத்தாள், உடனே பச்சை.
துவரம்பருப்பு, பாமாயில் எல்லாம் வாங்கியும்
அவள் வீட்டுக்குப் போகவில்லை.
பையைக் கீழே வைத்துவிட்டு
என் முந்தானையைப் பிடித்துப் பார்த்தாள்.
நான் கட்டியிருந்தது திரும்பி வந்த சேலை.
இது உன் விரல்தானே என்றாள்,
கேட்ட மாதிரி இல்லை.
தன் கட்டைவிரலை அதன்மேல் வைத்து அளந்தாள்.
யப்பா, உனக்குப் பெரிசு.

நாலரைக்கு மகன் கூப்பிட்டான்.
சத்தத்துக்கு நடுவே ஒவ்வொரு எண்ணாய்ச் சொன்னான்,
நான் திருப்பிச் சொன்னேன்.
இருபது கிலோ அரிசி. இரண்டு கிலோ சீனி.
கருப்பட்டி விற்கிற விலையில்
இந்த மாதம் தாழிக்கும் இதில்தான் ஒரு பிடி.
இரண்டாம் தாழிக்குக் கூடுதலாய் அரைப் பிடி,
அது இன்னும் தேறவேண்டும்.