ஏழரையிலிருந்து எட்டுக்கு

சந்தர் ரோட்டில், மாடிப்படிக்குக் கீழே எங்கள் அலுவலகம்.
மேசைக் கண்ணாடிக்கடியில் ஒன்பது கோயில்.
மூன்று பகல், இரண்டு இரவு, கும்பகோணத்தில் தங்கல்,
காலையில் இட்லி உண்டு,
குளத்துக்கு மாற்றுத்துணி அவரவர் பொறுப்பு.
பதினோரு வருடமாக ஆட்களை அனுப்புகிறேன்.
வீட்டுக் குலுக்கலில் நான்காம் முறையும் எண் விழாதவர்கள்,
நிரந்தரவாசம் மறுத்த கடிதத்தை
மடிப்புக் கலையாமல் எடுத்துக் காட்டுகிறவர்கள்,
செவ்வாய் என்னும்போது மட்டும்
குரலைத் தாழ்த்தும் அப்பாக்கள்.
கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்வேன்:
பெயர், ராசி, நட்சத்திரம், பிறந்த நேரம்.

என் படிவத்தை நான் நிரப்பியதில்லை.

எண்பத்தொன்று, டிசம்பர் முப்பத்தொன்று.
கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரி.
எருமைத் தொழுவம் என்று அர்த்தம்;
சனியின் தம்பிக்கு வாகனம் நிறுத்த நல்ல இடம்.
அன்றுவரை இந்தத் தீவு
கிரீன்விச்சுக்கு ஏழரை மணி முந்தி இருந்தது.
ஏழரை.
சுவரெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.
இரவு பதினொன்றரைக்கு அரசாங்கம் முள்ளைத் தள்ளி
பன்னிரண்டு என்றது. எட்டு மணி முந்தி என்றானது.
இடையிலிருந்த அரை மணியில்
இந்த ஊரில் எதுவும் நடக்கவில்லை,
நான் பிறந்ததைத் தவிர.

வார்டுக் கடிகாரத்தை மாற்ற யாரும் ஏணி கொண்டுவரவில்லை.
அம்மா பார்த்தது பதினொன்று நாற்பது.
தாதியின் கைக்கடிகாரத்தில் பன்னிரண்டு பத்து.
சான்றிதழ் தாதியின் பக்கம்.

சிராங்கூன் ரோட்டு ஜோசியர் சிம்ம லக்னம் என்றார்.
ஈசூன்காரர் கன்னி என்று அடித்துச் சொன்னார்.
கணினி வைத்திருந்த மூன்றாமவர்
அம்மா சொன்ன நேரத்தைத் தட்டினார்;
அப்படியொரு நேரம் இல்லை என்றது திரை.
அவர் காசு வாங்கவில்லை.
ராசியில் மட்டும் சண்டையில்லை: கும்பம்.
நாடே ஒரே ராத்திரியில் கழற்றிப் போட்டதை
ஆறாவது வருடமாகச் சுமக்கிறேன்.

சனிக்கிழமைகளில் பக்கத்துக் கோயிலில் எள் விளக்கு.
ஒன்பது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்
எங்கள் புளோக் மின்தூக்கியில் நிற்பவர்களைப் போல.
சுற்றும்போது ஆறா ஏழா என்று
எப்போதும் ஓரிடத்தில் தவறிவிடும்.
சிவந்த துணிக்காரரிடம் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்குவேன்.

இன்று மத்தியானம் கோ தியாம் செங் வந்தார்.
டாக்சிக்காரர். போன மாதம்,
தன் பஞ்சாங்கத்திலும் இந்த வருடம் மோதல் என்று சொல்லி
இருக்கிற கிரகம் ஒன்றுதானே லா என்று
பணத்தை எண்ணி வைத்தவர்.
நேற்றிரவுதான் திரும்பினாராம்.
காது மடலில் இன்னும் நல்லெண்ணெய்.
திருநள்ளாற்றுக் குளத்தில் பழைய சட்டையென்று நினைத்து
கம்பெனிச் சட்டையை விட்டுவிட்டார்.
இருபத்தெட்டு வெள்ளி அபராதம்.
"சனி விட்டதா?" என்றேன்.
"இருபத்தெட்டுக்கு விட்டால் மலிவுதானே?"

ரசீதில் கையெழுத்துப் போட அவர் கை நீட்டியபோது
என் சுவரில் இரண்டு பத்து.
அவர் மணிக்கட்டில் பதினொன்று நாற்பது.

"மாற்றவேயில்லை, பாருங்கள்" என்று
நகத்தால் திருகை இழுத்தார்.
இரண்டரை மணி. அதில் இரண்டு, பூமி உருண்டை என்பதால்.
மிச்ச அரை எங்கேயிருந்து வந்ததென்று
அவருக்குத் தெரிய நியாயமில்லை.
இங்கே துடைத்துவிட்டதை
அங்கே தினமும் இரண்டு வேளை
பால்காரரும் பேருந்து நடத்துநரும்
சாதாரணமாகக் கடந்துபோகிறார்கள்.

"கொஞ்சம் இருங்கள்" என்றேன்.
ஏன் என்று கேட்கவில்லை.
திருகை உள்ளே அழுத்திவிட்டு, கையை மேசைமேல் அப்படியே வைத்திருந்தார்.
வெளியே எங்கோ குப்பை லாரி பின்வாங்கியது.

பதினொன்று நாற்பத்தொன்று ஆனதும் அவரே திருகினார்.
ஜூரோங்குக்கு ஒரு சவாரி இருக்கிறதாம், ஓடினார்.

இழுப்பறையிலிருந்து புதுப் படிவம் ஒன்றை எடுத்தேன்.
தையல்நாயகி என்பதுவரை எழுதிவிட்டு
பேனாவை மூடிவைத்திருக்கிறேன்.